ஆளுக்கொரு கட்டை

மார்கழி பிறந்தால் விடியற்காலை நாலரைக்கு எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் எட்டு ஒன்பது ஆண்கள் கூடுவோம். மஃப்ளரும் குரங்குக் குல்லாயுமாக நிற்பதில் யார் எவர் என்று முகம் தெரியாது. தொண்டையைச் செருமும் விதத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் எங்கள் பஜனை கோஷ்டி. நான் பின்வரிசை, ஜால்ரா.

தலைவர் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஆர்மோனியத்தை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையில் ஆரம்பிப்பார். தெருமுனை திரும்புவதற்குள் அது ஒன்றரை ஆகிவிடும். நாய் துரத்தினால் இரண்டரைக்கும் போகும். மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்தியபோது, அவர் பின்னால் பாடியவர்களிலும் நம்மைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள் என்பது தலைவரின் திடமான நம்பிக்கை. இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு முன்னால் சிவன் இருந்தார். எங்களுக்கு முன்னால் நாய்தான்.

பெரிய சிக்கல் திருப்பாவை. 30 பாட்டில் ஆறிலிருந்து பதினைந்து வரை ஆயர்பாடிப் பெண்கள் தோழிகளைத் துயிலெழுப்பும் பாட்டு. அதைச் சர்க்கரை, பி.பி., பல்செட் சகிதம் கிழவர்கள் ஒரு வீட்டு வாசலில் நின்று, தூங்கும் பெண்ணை வெளியே வரச்சொல்லிப் பாடினால் புதிதாகக் குடிவந்தவர் என்ன நினைப்பார்? போன வருஷம் ஒருவர் லுங்கியோடு வெளியே வந்து, “சார், மணி என்ன தெரியுமா?” என்றார். தலைவர் கைக்கடிகாரத்தை டார்ச் அடித்துப் பார்த்து, “நாலு அம்பது” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த அடியை எடுத்தார். அதே மனிதர் போகியன்று என்னை மடக்கி, “நாளையிலேர்ந்து வரமாட்டீங்களா? பையனை டியூஷனுக்கு யார் எழுப்பறது?” என்று கவலைப்பட்டார்.

தெரு எங்களைப் பொறுத்துக்கொள்வது சங்கீதத்துக்காக அல்ல. எந்த வாசலில் கோலம் விழவில்லை, எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டேதான் பாடுவோம். கடைசி வீட்டு மாமி தனியாக இருப்பவர். ஒருநாள் வாசல் தெளிக்கவில்லை. பாட்டைப் பாதியில் விட்டுக் கதவைத் தட்டினோம். நல்ல காய்ச்சல். டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டோம். மாமி கண்ணைத் திறந்து, “பாட்டு சட்டுனு நின்னுதே, அப்பவே பாதி ஜுரம் விட்டுடுத்து” என்றார்.

பஜனை முடிந்ததும் கோயிலில் வெண்பொங்கல். பாடும்போது இல்லாத கூட்டம் தொன்னையோடு வந்து நிற்கும். முந்திரி குறைந்தால் புகார் வரும். சுருதி குறைந்ததாக இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை.

இப்போது ஆள் குறைந்துவிட்டது. ஒருவர் மகனோடு அமெரிக்கா போய்விட்டார். மிருதங்கக்காரருக்கு முழங்கால் வலி. இந்த மார்கழிக்கு விருப்பமுள்ளவர்கள் வரலாம். குரல் பரீட்சை கிடையாது. மஃப்ளர் மட்டும் சொந்தமாகக் கொண்டுவரவும்.