டிக்கி வெட்டும் முன்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து பைப் சேசிஸில் ஃபைபர் பாடி போட்டு இரண்டு சீட் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பின்னால் ஒரு மூட்டை கடலை வைக்கிற அளவுக்கு இடம் கிடக்கிறது. ஆனால் சீட்டை முன்னால் சாய்த்து, அந்தச் சந்து வழியாகத்தான் எதையும் நுழைக்க முடிகிறது. கிரைண்டரால் வெட்டி டிக்கிக் கதவு வைத்துவிடலாமா? – வாசகர், உத்திரமேரூர்

பதில்: வைக்கலாம். ஆனால் கிரைண்டரின் முறை கடைசியில்தான் வரும். டிக்கிக் கதவே இல்லாமல் பிறந்த புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு: 1958இல் இங்கிலாந்தில் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட். பானட்டின் மேல் துருத்திக்கொண்டிருந்த விளக்குகளால் 'தவளைக் கண்' என்று பெயர் வாங்கிய கார். அதில் ஸ்டெப்னியைக்கூட சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுத்தான் இழுக்க வேண்டும். கதவு மறந்துபோய் விடுபடவில்லை. விலை குறைய வேண்டும் என்பது ஒரு காரணம். கூரை இல்லாத காரில் பின்பக்கத் தகடு முழுசாக இருந்தால்தான் பாடி முறுக்காமல் நிற்கும் என்பது இன்னொரு காரணம். மூன்று ஆண்டு கழித்து, 1961இல் வந்த இரண்டாம் மாடலில் டிக்கிக் கதவு கிடைத்தது. பழைய பின்பக்கத்தில் ஓட்டை போட்டுக் கொடுக்கவில்லை. பின்பக்கத்தையே புதிதாக வரைந்து கொடுத்தார்கள். நாம் மூடியைப் பற்றி யோசிக்கிறோம், காருக்கோ ஓட்டைதான் கணக்கு.

'எங்களுடையது பைப் சேசிஸ், பாரத்தை அதுதானே தாங்குகிறது, பாடி வெறும் சட்டைதானே' என்று நீங்கள் கேட்பீர்கள். பாதி சரி. ரோட்டின் அடியை சேசிஸ் வாங்கிக்கொள்ளும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபைபர் பாடி தன் வடிவத்தைத் தக்கவைத்திருப்பது கனத்தால் அல்ல, வளைவு அறுபடாமல் ஓடுவதால். நடுவில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்த மறுநிமிடம் விளிம்பு தளர்ந்து ஒரு பக்கம் உள்வாங்கும், மறுபக்கம் வெளியே பிதுங்கும். வெட்டியெடுத்த துண்டை அதே இடத்தில் வைத்தாலும் பொருந்தாது. போதாக்குறைக்கு, பிளேடு தின்ற அகலத்துக்குச் சுற்றிலும் இடைவெளி விழுந்திருக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே, பாடி முழுசாக இருக்கும்போது, கதவு வரப்போகிற பகுதிக்கு மேல் வேக்ஸ் தடவி, ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு அச்சு எடுத்துவிடுங்கள். புதுக் கதவின் மேல்தோல் அந்த அச்சிலிருந்து வர வேண்டும். வெட்டுக்கோட்டைவிட நாலு விரல் பெரிதாக எடுத்தால் விளிம்பை மடிக்க இடம் கிடைக்கும். அடுத்து, பாடியின் உள்பக்கம் வெட்டுக்கோட்டுக்கு வெளியே சுற்றிலும் ஒரு சட்டம் ஓடட்டும். மெல்லிய சதுரக் குழாயை வளைத்து ஃபைபரால் மூடி ஒட்டினால் போதும். அது நன்றாக இறுகிய பிறகுதான் கிரைண்டர். மூலைகளைச் சதுரமாக விடாதீர்கள். விரிசல் எப்போதும் கூர்மையான மூலையில்தான் புறப்படும். ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் இந்த வேலையில் யாரும் நிற்கக் கூடாது. கீலும் லாக்கும் அந்தச் சட்டத்தில் போல்ட் ஆக வேண்டும். வெறும் ஃபைபர் தோலில் திருகினால் நம் ஊர்ச் சாலைக் குலுக்கலில் ஓட்டை பெரிதாகிக் கையோடு வந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் பலர் ரப்பர் பீடிங்கை நம்பிக் கெடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பீடிங் மட்டும் நிறுத்தாது. எந்தக் கம்பெனிக் காரின் டிக்கியையும் திறந்து பாருங்கள்: விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். தண்ணீர் முதலில் அதில் விழுந்து இருபுறமும் வழிந்துவிடும். வாய்க்காலின் உள்கரையில்தான் பீடிங் உட்கார்ந்திருக்கும். உங்கள் சட்டத்தை ஒட்டி அந்த வாய்க்காலையும் கட்டி, தாழ்ந்த இரு மூலைகளிலிருந்து ரப்பர் குழாய்களைத் தரை நோக்கி இறக்குங்கள்.

கேள்வி: டாடா நானோவுக்கும் முதலில் டிக்கிக் கதவு இல்லை, பிறகு வைத்தார்களே! கம்பெனி செய்ததை நம் ஊர் மெக்கானிக் செய்தால் என்ன குறை? – வாசகி, சாலவாக்கம்

பதில்: கைத்திறமையில் ஒரு குறையும் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று கார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்த மாவட்டம் இது. 2009இல் வந்த நானோவில் பின்சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டியிருந்தது. திறக்கும் பின்கதவு 2015இல் ஜென்எக்ஸ் நானோவோடுதான் வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் அது புது மாடலின் வேலை. பழைய காரில் ஒட்டுப்போடுகிற வேலையாக அவர்கள் அதைச் செய்யவில்லை. இங்கே சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவான வண்டியின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு வேலைதான் 'மாற்றம்' என்று சட்டமே விளக்குகிறது, ஒரு கதவு அதில் சேருமா என்று வாதாடலாம். ஆனால் பின் பாடியை அறுத்துவிட்டு அந்த வாதத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸிலோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமோ தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல. பதிவான காருக்கு என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். அதற்குப் பதில் சீட்டு எளிதாகச் சாயவும், அதன் பின்னால் சாமானை இழுத்துக் கட்டவும் வழி செய்யுங்கள்.

உத்திரமேரூர் நண்பர்கள் கட்டுவது புது வண்டி, அதனால் அவர்களுக்கு இந்தத் தடை வேறு வடிவில் வரும். பொதுச் சாலைக்குப் பதிவு வேண்டுமென்றால் மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி முன்மாதிரிக்கு ரகச் சான்று வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யும் மையங்களில் ஒன்று இதே மாவட்டத்து ஒரகடத்தில் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து விற்பவரை மனதில் வைத்து எழுதிய விதி, ஒரே ஒரு கார் கட்டும் இளைஞரை நசுக்குகிறது. இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் 1957 முதல் பாகங்களாக விற்கப்பட்டு வீடுகளில் கட்டப்பட்டது. இன்றும் அங்கே வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்கிறார்கள். அப்படியொரு வழி இங்கும் வேண்டும். பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை, சோதனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் சோதனைக்கு வந்து நிற்கும் உரிமை ஒற்றைக் காருக்கும் கிடைக்க வேண்டும்.

கேள்வி: டிக்கிக் கதவை லேசாகத் திறந்து கட்டிக்கொண்டு நீளமான பைப், பம்ப் சாமான் கொண்டு போகலாம் அல்லவா? – வாசகர், மானாம்பதி

பதில்: கூடவே கூடாது. ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை அங்கேயே சுழலும். கதவு இடுக்கு வழியாக அது உள்ளே ஏறும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலியும் தூக்கமும் வந்த பிறகுதான் தெரியும், சில நேரம் அதற்கும் அவகாசம் இராது. புதிதாகக் கட்டுகிறவர்கள் சைலன்சர் வாயைப் பாடியின் பின்விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டுங்கள். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் ஓட்டையில்லாத தடுப்பு ஒன்றும், பெட்ரோல் டேங்க் பின்னால் இருந்தால் அதற்கும் சாமானுக்கும் நடுவில் இன்னொன்றும் வையுங்கள். பைப்புக்கு மினி லாரியைக் கூப்பிடுங்கள்.