முன் சீட்டுக் கருப்புப் பெட்டி

இங்கிலாந்தில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு வயது பத்தொன்பது. அந்த ஊரில் பதினேழு வயதிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். கார் வாங்குவதும் அங்கே பெரிய பாடில்லை. இன்ஷூரன்ஸ் எடுக்கப் போகும்போதுதான் வயது குறுக்கே வந்து நிற்கும். இளவட்டம் என்றால் எங்கேயாவது கொண்டுபோய் மோதும் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. சில சமயம் பிரீமியம் காரின் விலையையே தாண்டிவிடும். அதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காருக்குள் கருப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்வது. எவ்வளவு வேகம், ராத்திரி எத்தனை மணிக்கு ஊர் சுற்றல், எங்கே சடாரென்று பிரேக் என்று எல்லாவற்றையும் அது கம்பெனியிடம் போட்டுக்கொடுத்துவிடும். இன்னொன்று, அனுபவமுள்ள அப்பா அல்லது அம்மாவின் பெயரைக் கூடுதல் ஓட்டுநராகப் பாலிசியில் சேர்ப்பது.

இதைப் போனில் சொல்லிப் புலம்பினான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சென்னை மடிப்பாக்கத்தில், எங்கள் வீட்டில், இந்த இரண்டும் ஒரே ஆள்தான். தனிக் கட்டணம் கிடையாது, கழற்றவும் முடியாது. வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

வயது விஷயத்தில் நம் நாட்டு இன்ஷூரன்ஸ் பெருந்தன்மையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, ஓட்டுபவருக்குப் பதினெட்டா எண்பதா என்று கேட்பதில்லை. எஞ்சின் எத்தனை சிசி என்று மட்டும்தான் கேட்கும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்திலும் பெரும்பாலும் வண்டியின் வயது, வண்டியின் மதிப்பு, எந்த ஊர் என்பதுதான் கணக்கு. கம்பெனி கேட்காமல் விட்ட மற்றக் கேள்விகளைக் கேட்கத்தான் நமக்கெல்லாம் குடும்பம் இருக்கிறது.

வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன் என்று நான் அறிவித்த அன்றே அந்தக் கேள்விகள் தொடங்கிவிட்டன. அப்பாவுக்கு மாருதி தவிர மற்றதெல்லாம் கார் இல்லை. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை எடுத்துக்கொடுத்த செய்தியைப் படித்தபோதே அவர் வாங்குவதாக முடிவு செய்துவிட்டாராம். அவர் யோசித்து முடிப்பதற்குள் 2014 வந்து, கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. அம்மாவுக்கு மாடலெல்லாம் பொருட்டில்லை. குனியாமல் ஏற வேண்டும், முட்டி மடங்காமல் இறங்க வேண்டும். கடைசியில் மூட்டுவலியும் மாருதி பக்தியும் கைகோத்து ஒரு வேகன் ஆரில் வந்து நின்றன. 998 சிசி. இரண்டே சிசியில் கீழ்க் கட்டணத்துக்குள் தப்பித்துவிட்டது என்று அப்பா அதைச் சொந்தச் சாதனையாகவே எல்லோரிடமும் சொன்னார்.

புரோக்கர் வண்டியின் கதவைத் திறப்பதற்கு முன்பே அதன் சரித்திரத்தைத் திறந்தார். "லேடி டாக்டர் ஓட்டின வண்டி சார். சிங்கிள் ஓனர். வீடு, ஆஸ்பத்திரி, வீடு. அவ்ளோதான் ஓடியிருக்கு." விற்பனைக்கு வரும் பழைய கார்களை வைத்துக் கணக்கெடுத்தால், தமிழ்நாட்டில் நோயாளிகளைவிட லேடி டாக்டர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அதற்காகவே இருபதாயிரம் கூடுதலாகவும் சொன்னார்.

"வண்டி உங்களுக்கா சார்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"இல்ல, பொண்ணுக்கு."

புரோக்கரின் முகம் மாறியது. "பாப்பா ஓட்டுமா? அப்ப ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு பாத்துடலாமே. கியர் வண்டி வேணாம் சார், வீணாப் போயிடும்."

பெண் ஓட்டியிருந்தால் வண்டிக்கு மதிப்புக் கூடும், ஓட்டப் போகிறாள் என்றால் குறையும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெண்கள் நிதானமாக ஓட்டுவார்கள் என்று பிரீமியத்தைக் குறைத்துத் தந்தார்கள். ஆண் பெண் பார்த்து விலை வைக்கக் கூடாது என்று 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2012 டிசம்பர் 21 முதல் அந்த வழக்கம் ஒழிந்தது. அந்த நீதிபதிகள் எங்கள் புரோக்கரைச் சந்தித்திருந்தால் தீர்ப்பு இன்னும் சில பக்கங்கள் நீண்டிருக்கும்.

அப்பா கையோடு கூட்டி வந்திருந்த மெக்கானிக் அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவுகளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மூன்று கதவுகள் டங்கென்றன, ஒன்று மட்டும் டொக்கென்றது. சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அங்கே வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. "பட்டி வெச்சி இழுத்துருக்காங்க. டாக்டரம்மா எங்கியோ நல்லா ஒரசியிருக்காங்க" என்றார். கூடுதலாகச் சொன்ன இருபதாயிரமும் அந்தக் காந்தத்தோடு கீழே விழுந்தது.

பேரம் படிந்த நேரத்தில் அம்மா நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டார். எட்டு. சனி. "வேற வண்டி பாக்கலாம்" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினார். பழைய வண்டிக்குப் புது எண் கேட்க முடியாது என்று எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறவில்லை. புரோக்கர்தான் வழி கண்டுபிடித்தார். "ஆர்.டி.ஓ. நம்பரையும் சேத்துக் கூட்டுங்கம்மா. டி.என். 22. எட்டும் நாலும் பன்னண்டு. கூட்டுனா மூணு, குரு!" அம்மா முகத்தில் குரு பார்வை விழுந்தது. இந்த அறிவுக்காக அவருக்குக் கமிஷனில் ஐந்நூறு சேர்த்துக் கொடுத்தோம்.

ஆர்.சி. மாற்ற 29, 30 என்று இரண்டு படிவங்கள். பதினான்கு நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்காக அப்பாவின் சிநேகிதரான ஏஜென்ட் மாமா வீட்டுக்கு வந்து, காபி குடித்து முடிப்பதற்குள் எனக்கு உலக நிலையாமையைப் போதித்துவிட்டார். ஷோரூமை விட்டு வெளியே வந்த ஆறு மாதத்தில் காரின் மதிப்பு நூற்றுக்கு ஐந்து குறையும், ஒரு வருஷத்துக்குள் பதினைந்து, ஐந்தாவது வருஷத்தில் சரிபாதி. அதற்கு மேல் அட்டவணையே கிடையாது, கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்துகொள்வதுதான் மதிப்பு. என் வண்டி அந்த எல்லையைக் கடந்து, பேசி முடிக்கும் வயதில் இருந்தது.

பிறகு 'நோ க்ளெய்ம் போனஸ்' பற்றிச் சொன்னார். ஒரு வருஷம் எதுவும் கேட்காமல் இருந்தால் அடுத்த வருஷம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து கேட்காமல் இருந்தால் 25, 35, 45, கடைசியில் 50. எனக்கு மெய்சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து "சும்மா இருக்காதே, சும்மா இருக்காதே" என்று கேட்டு வளர்ந்தவள் நான். சும்மா இருந்ததற்குப் படிப்படியாகச் சம்பள உயர்வு தரும் ஓரிடம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதை யாருமே எனக்குச் சொல்லவில்லை.

"அப்ப டாக்டரம்மா சேர்த்து வெச்ச போனஸ் எனக்கு வருமா மாமா?"

"வராதும்மா. அது வண்டிக்குக் கிடையாது, ஆளுக்கு. அவங்க அடுத்த வண்டிக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீ பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

உரசலை எனக்குக் கொடுத்துவிட்டு நல்ல பெயரைக் கையோடு எடுத்துப் போயிருந்தார் டாக்டரம்மா.

சிக்கல் வந்தது கடைசிக் கட்டத்தில். உரிமையாளர் தானே ஓட்டுகிறவர் என்றால் 15 லட்ச ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு, அதற்கு நாமினி யார் என்று மாமா கேட்டார். "அம்மா பேரு போட்டுடுங்க" என்றேன். சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்த அம்மா, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? எனக்கு ஒரு பைசா வேண்டாம், என் பேரை எடுங்க" என்று கத்தினார். அப்பாவும் தன் பெயர் வேண்டாம் என்றார். பதினைந்து லட்சத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தள்ளிவிடுவதை ஏஜென்ட் மாமா தன் தொழில் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டார். பிறகு அம்மா தூங்கும்போது அவர் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவின் பாலிசி வேறு இடத்தில் இருந்தது. பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயில். சென்னையில் வண்டி வாங்கும் பாதிப் பேர் பூஜை போட வருவது அங்கேதான். மாலை, தேங்காய், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். முனீஸ்வரர் சிசி கேட்கவில்லை, வயது கேட்கவில்லை, தேய்மானம் கழிக்கவில்லை, முக்கியமாக நாமினி கேட்கவில்லை. சிலர் அவருக்குச் சுருட்டும் மதுவும் படைக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்ற சட்டம் ஓட்டுநருக்குத்தானே, காவல்காரருக்கு இல்லையே.

ஓட்டிப் பழகியபோது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்தது. அப்பாவின் காலடியில் ரப்பர் மேட்தான் இருந்தது. ஆனால் அதை அவர் மிதித்த மிதியில் சில இடங்களில் வண்டி வேகம் குறைந்ததாகவே எனக்குத் தோன்றியது. அப்பா கார் ஓட்டியவர் இல்லை. ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் எடுத்தபோது "ரெண்டும் சேத்துப் போட்டுடுங்க" என்று எடுத்துவைத்தவர். அவருடைய அனுபவமெல்லாம் ஆபீஸ் ஜீப்பில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்த முப்பது வருஷ அனுபவம். அதனால் ஸ்டியரிங் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேர்ச்சி உண்டு.

"லாரி வருது பாரு." "பாத்துட்டேன்ப்பா." "பாத்தா போதாது, ஹாரன் அடி." "அது நிக்கிற லாரிப்பா." "நிக்கிறதுதான் திடீர்னு கெளம்பும்."

கத்திப்பாரா மேம்பாலத்தில் சோதனை வந்தது. 2008இல் திறந்த அந்தப் பாலம், நான்கு திசைச் சாலைகளையும் சுருள் சுருளாகச் சுற்றிவிடும் அமைப்பு. வடபழனி போக எந்தச் சுருளில் இறங்க வேண்டும் என்று அப்பாவுக்கும் கூகுளுக்கும் கருத்து வேறுபாடு. ஒரு செயற்கைக்கோளைவிட, 'நான் அந்த வழியா எத்தனை தடவை போயிருக்கேன்' என்ற வாதம் எடை கூடியது. விமான நிலையத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பினோம். "புது வண்டிக்கு நல்ல ஓட்டம்" என்றார் அப்பா.

ஐப்பசி பிறந்தால் மடிப்பாக்கத்துக்காரர்களுக்குக் கார் பாரமாகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்துபோன வீடியோவையும் பார்த்தவர்கள் நாங்கள். வெள்ளத்தில் வண்டி நனைந்தால் முழு பாலிசி கைகொடுக்கும். ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருகி அது நாசமானால், சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும். தண்ணீர் வந்தது இயற்கை, சாவி திருகியது நீ. அதற்கென்று 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். ஊர் மக்கள் அதைவிட மலிவாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் அதிகாலையிலேயே என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். பாலத்தில் துண்டு போட்டு இடம் பிடிக்காத குறை. மழை ஏமாற்றிவிட்டது. பக்கத்து வண்டிக்காரரோடு அப்பாவுக்குச் சிநேகிதம்தான் மிச்சம்.

இவ்வளவு காவலையும் மீறி அந்த வருஷத்தின் ஒரே சேதம் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. ஓட்டியது நான் இல்லை. "நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நான் ரிவர்ஸ் எடுத்து வெளியில வைக்கிறேன்" என்று அப்பா சாவியை எடுத்துக்கொண்டு போனார். லைசென்ஸ் வாங்கி இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய முதல் கார் பயணம், சுமார் எட்டு அடி. கேட்டுத் தூண் வரைக்கும். பின் பம்பரில் நீளமாகக் கீறல், ஓரத்தில் விரிசல்.

நான் வெளியே வந்தபோது அப்பா தூணைக் குற்றம் சாட்டும் பார்வையோடு நின்றிருந்தார். "இந்தக் கொத்தனார்கிட்ட அப்பவே சொன்னேன், தூணைத் தள்ளி வைன்னு" என்றார்.

க்ளெய்ம் போடலாம் என்றேன். பேப்பரும் பேனாவும் வந்தன. பம்பர் நாலாயிரம் என்றால் அது பிளாஸ்டிக், தேய்மானம் பாதி போய்விடும். மீதி இரண்டாயிரத்தில் கட்டாயமாக நம் கையிலிருந்து போட வேண்டியது ஆயிரம். கம்பெனி தருவது ஆயிரம். தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' எடுக்கலாமென்றால், என் வண்டியின் வயதைக் கேட்டதும் பல கம்பெனிகள் தயங்கின. அந்த ஆயிரத்தை வாங்கினால் அடுத்த வருஷத்து 20 சதவீதம் போய்விடும். படிவத்தில் இன்னொரு கட்டம்: விபத்தின்போது ஓட்டியவர் பெயர்.

அப்பா பேனாவை மூடினார். "ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு நல்ல பேரைக் கெடுத்துக்கக் கூடாதும்மா."

புதுப்பிக்கும் நாள் வந்தது. ஏஜென்ட் மாமா, "போன வருஷம் க்ளெய்ம் ஏதாவது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்று அப்பா பதில் சொன்னார். 20 சதவீதம் குறைந்து வந்த ரசீதை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"பாத்தியா? நான் பக்கத்துல உக்காந்து வந்ததால இது மிச்சம். அந்த லண்டன் பையனுக்குச் சொல்லு."

மிச்சமான பணத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று கேட்டு வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர், ஒரு முருகன் வேல் ஸ்டிக்கரோடு திரும்பினார். எல்லோரும் பின் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அப்பா பின் பம்பரில் ஒட்டினார். நீளம், அகலம் எல்லாம் அளவெடுத்தே வாங்கி வந்திருந்தார்.