நெடியறிஞர்

கப்பலில் அறைக்கதவு திறந்ததும் என் மனைவி கடலைப் பார்த்தாள். அவள் அக்கா கட்டிலைப் பார்த்தார். துண்டை மடித்து யானை செய்து கட்டிலின் மேல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். சகலை எதையும் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் உள்ளே அனுப்பினார்.

“ஒரு நிமிஷம். யாரும் உள்ள போவாதிய” என்றார்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் நெடியறிஞர். ஓட்டல் வரவேற்பறையிலும் வாடகைக் கார் வாசலிலும் இவர்களைப் பார்க்கலாம். கார் கதவைத் திறந்து குனிந்தவர், ஏறாமல் அப்படியே நிமிர்ந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான். ஆனாலும் முழு மேதைமை வெளிப்படுவது சொகுசுக் கப்பலில்தான். ஓட்டலில் நெடி அடித்தால் எதிர் ஓட்டலுக்குப் போய்விடலாம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் கப்பலில், எதிரே இருப்பது மலாக்கா ஜலசந்தி.

பிறவி நெடியறிஞர் என்று எவரும் கிடையாது. சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் நெடி வந்தால் முகம் சுளிப்பார்கள், ஜன்னலைத் திறப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். பிடித்து விட்டவர்தான் மறக்கமாட்டார். சகலை 27 வருடம் ஊதியவர். பாளையங்கோட்டையில் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் கோப்பு எங்கே என்று தேட வேண்டியதில்லையாம்; சாம்பல் எங்கே அதிகமோ அங்கே இருக்குமாம். பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜி சாப்பிட்ட கையோடு ஒன்று பற்றவைக்கக் கொல்லைப்பக்கம் ஒதுங்கினார். அங்கே மாமனார் ஏற்கெனவே பீடியோடு நின்றுகொண்டிருந்தார். தீப்பெட்டி கைமாறிய அந்த நிமிடத்திலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் சும்மா சடங்கு என்பது எங்கள் குடும்பத்தில் வழங்கும் வரலாறு. 2003-ல் ஒரு டாக்டர் எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அன்றோடு விட்டார். விட்ட ஆறாவது மாதம் போன மூக்கு திரும்பி வந்தது. வந்த மூக்கு வட்டியும் முதலுமாக வந்தது.

டிக்கெட் போடும்போது நான் விலையைப் பார்த்தேன். அவர் கப்பலின் மாடி வரைபடங்களை அச்செடுத்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். தன் பெண் கல்யாணத்துக்கே மனிதர் இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை. சூதாட்ட விடுதிக்கு நேர் மேலே அறை கூடாது. பல கப்பல்களில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஊத அனுமதி இருப்பது அங்கேதான். அதை ஒட்டி நடுக்கூடம் நாலைந்து மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும். புகை லிஃப்டுக்குக் காத்திருக்காது. மேல்தளத்தில் புகைக்க விட்டிருக்கும் பக்கம் எது என்று பார்த்து, அதற்கு மறுபக்கமாக எடுக்க வேண்டும். பின்கோடி வேண்டவே வேண்டாம். கப்பல் முன்னே போகப் போக, முன்னால் ஊதியதெல்லாம் பின்னால் இருப்பவனுக்குத்தான் வந்து சேரும். போதாததற்குக் கப்பலின் சொந்தப் புகைபோக்கியும் பெரும்பாலும் அந்தப் பக்கமே.

“அப்ப முன்னால எடுப்போமா அண்ணாச்சி?”

“முன்னால ஆட்டம் கூட. ஒம்ம மதினிக்கு வாந்தி வரும்.”

“கீழ?”

“கீழ எஞ்சின் சத்தம்.”

இப்படியே கழித்துக்கொண்டு வந்ததில், மூவாயிரம் பேர் ஏறும் கப்பலில் எங்களுக்குத் தகுதியானதாக எட்டு அறைகள் மிஞ்சின. அதில் இரண்டை அடுத்தடுத்து எடுத்தோம்.

அறைக்குள் புகைக்கக் கூடாது என்றுதான் சட்டமே இருக்கிறதே என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. கப்பல் புகையின் சரித்திரம் முழுவதும் அன்று சாயங்காலம் என் தலையில் இறங்கியது. ஒரு காலத்தில் கட்டிலில் படுத்தபடியே ஊதலாம், மேஜையில் சாம்பல் கிண்ணமும் அவர்களே வைப்பார்கள். பிறகு 2006 மார்ச்சில், ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலில் அதிகாலை மூன்று மணி வாக்கில் ஒரு பால்கனி பற்றியது. யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. பால்கனிகளைப் பிரிக்கும் தடுப்புகள் பிளாஸ்டிக். தீ மாடி மாடியாக ஏறி நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைப் பதம் பார்த்தது. ஒரு பயணி இறந்துபோனார். அடுத்த சில வருடங்களில் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் முதலில் அறைகளுக்கு, பிறகு 2014 முடிவதற்குள் பால்கனிகளுக்கும் தடை போட்டன. மீறினால் 250 டாலர் தண்டம், சில இடங்களில் 500.

“சட்டம் எங்க சகலை இருக்கு? சுவத்துல ஒட்டியிருக்கு. நெடி எங்க இருக்கு? சுவத்துக்கு உள்ள இருக்கு” என்றார்.

அவருடைய பொற்காலம் ஒன்று உண்டு. 1998-ல் கார்னிவல் கம்பெனி ‘பாரடைஸ்’ என்று ஒரு கப்பலை விட்டது. முனையிலிருந்து முனைவரை எங்கேயும் புகைக்கக் கூடாது. பிடிபட்டால் 250 டாலர் தண்டம், அதோடு அடுத்த துறைமுகத்தில் மூட்டையோடு இறக்கிவிடுவார்கள், சொந்தச் செலவில் ஊர் போய்ச் சேர வேண்டும். அந்தச் சொர்க்கத்துக்கு ஆறு வருடம்தான் ஆயுள். 2004-ல் தடையை எடுத்துவிட்டார்கள். புகைக்காதவர்கள் குடிப்பதும் குறைவு, சூதாடுவதும் குறைவு, கல்லா நிறையவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. இந்தக் கட்டம் வரும்போது சகலையின் குரல் தழுதழுக்கும். அந்தப் பாரடைஸ் ஓடிய காலத்தில் முக்கால்வாசி அவரே ஒரு நாளைக்கு ஒன்றரை பாக்கெட் ஊதிக்கொண்டிருந்தவர் என்பதை அந்த நேரத்தில் நினைவுபடுத்துவது மரியாதை இல்லை.

மூட்டை கட்டும் படலத்தில் மதினி சாம்பிராணி எடுத்து வைத்தார். நல்ல யோசனைதான், நம் முன்னோர் கண்டுபிடித்த முறைதான். ஆனால் மெழுகுவத்தி, ஊதுபத்தி வகையறாவைக் கப்பலில் விடமாட்டார்கள். சாம்பிராணி வீட்டிலேயே நின்றது. பதிலாக சகலை எடுத்துக்கொண்டது: நாலு காந்தக் கொக்கி (கப்பல் அறைச் சுவர் இரும்பு, பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும்), கால் கிலோ காபித்தூள், ஒரு பாட்டில் வினிகர், பிளாஸ்டிக் பையில் அரைக் கிலோ ஆப்பசோடா.

சிங்கப்பூர் போதைப்பொருளுக்குத் தூக்கில் போடும் ஊர். அந்த ஊர்த் துறைமுகச் சோதனையில் அரைக் கிலோ வெள்ளைத் தூள் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. பையைத் தூக்கிப் பிடித்த பெண் அதிகாரி நல்லவேளையாகத் தமிழ்ப் பெண். “இது எதுக்கு அங்கிள்?” என்று கேட்டார்.

“உறிஞ்சுறதுக்கு” என்றார் சகலை.

மதினி அந்த இடத்திலேயே நாற்காலி தேடினார். நெடியைத்தான் உறிஞ்சும், நாங்கள் உறிஞ்சமாட்டோம், இது ஆப்பத்துக்குப் போடுவது என்று என் மனைவி தேங்காய்ப்பாலில் தொடங்கிச் செய்முறை முழுவதும் ஒப்பித்த பிறகு, அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது அறை வாசலுக்கு வருவோம். நெடியறிஞர் அறையைச் சோதிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. மூக்கு ஒரு சோம்பேறி. எந்த வாசனையானாலும் சில நிமிடங்களில் பழகிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிடும். ஆகவே ஒரு தடவை முகர்ந்ததும் தாழ்வாரத்துக்கு வந்து, நூறு எண்ணி, மறுபடி உள்ளே போக வேண்டும். சகலை ஏழு தடவை போய்வந்தார். அந்தப் பக்கமாகப் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, யாரோ பிரார்த்தனை செய்கிறார்கள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார்கள்.

முதலில் திரைச்சீலை. பிறகு சோபாவின் முதுகு. தலையணையை உறைக்கு வெளியே எடுத்து, கட்டிலின் தலைமாட்டுத் துணியில் முகம் பதித்து, கடைசியாகக் குளியலறை. பல கப்பல்களில் அறைக்காற்று வெளியேறுவதே குளியலறைக் கூரைத் துவாரம் வழியாகத்தான். அது ஓயாமல் இழுக்க இழுக்க, தாழ்வாரத்துக் காற்று கதவிடுக்கால் உள்ளே நுழையலாம். ஆகவே நெடி அறையின் சொந்தமா, தாழ்வாரத்திலிருந்து வந்த விருந்தாளியா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

“அறையோடதுதான்” என்று தீர்ப்பு வந்தது. “ரெண்டு பேரு. ஒருத்தன் மெந்தால். போன பயணத்துல இருந்தவனுவ.”

நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு வந்ததெல்லாம் சகலையின் அமிர்தாஞ்சன் வாசனை.

அறை உதவியாளர் இந்தோனேசியப் பையன். கேட்டதும் ஓடிப்போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் பீய்ச்சினான். ரோஜாத் தோட்டத்துக்கு நடுவே ஒருவன் உட்கார்ந்து புகைப்பதுபோல ஆயிற்று. சகலை இரக்கத்தோடு அவனைப் பார்த்தார். “ஓசோன் மெஷின் இருக்குமே தம்பி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. உள்ளுக்குள் இருக்கும் சாமானின் பேரைப் பயணி சொல்லிவிட்டார் அல்லவா. பெட்டி வந்தது. அது ஓடும்போது ஆள் உள்ளே இருக்கக் கூடாது, நெஞ்சுக்கு ஆகாது. இரண்டு மணி நேரம் வெளியே. திரும்பி வந்தபோது அறை முழுக்க இடி விழுந்த தென்னந்தோப்பு மாதிரி ஒரு வாசனை.

சகலை நூறு எண்ணிவிட்டு உள்ளே போனார். “மெந்தால் போயிட்டு. மத்தவன் இருக்கான்” என்றார்.

வேறு அறை கேட்டு வரவேற்பு மேடைக்குப் போனோம். கப்பல் நிறைந்துவிட்டது, ஓர் அறையும் காலியில்லை, மிகவும் வருந்துகிறோம் என்றார்கள். அப்போதுதான் மதினி வாயைத் திறந்தார்.

“இருபத்தேழு வருஷம் இவுக மேல அடிச்ச நெடியோட நான் குடும்பம் நடத்தினேன். எனக்கு எந்த மேடையில போய் ரூம் மாத்திக் கேக்கச் சொல்லுதிய?”

மேடையில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அர்த்தம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மதினிக்கு மட்டும் ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார்.

நியாயமாகப் பேசினால், நெடியறிஞர் சொல்வது முக்கால்வாசி சரி. இதை அவர் எதிரில் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் கஷ்டம். ராத்திரிச் சாப்பாட்டில், ஐஸ்கிரீம் வரும் நேரம் பார்த்து, அவர் ஆராய்ச்சிகளை எடுத்து வைத்தார். புகை காற்றில் இருப்பது கொஞ்ச நேரம்தான். நிகோடின் சுவரிலும் துணியிலும் படிந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். படிந்த நிகோடின் காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய்ப் பொருள்களை உண்டாக்கும் என்று 2010-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் காட்டினார்கள். புகைத்தவர் காலி செய்த வீட்டைச் சுத்தம் பண்ணி, இரண்டு மாதம் பூட்டிப் போட்ட பிறகும் எச்சம் இருந்ததாம். கலிபோர்னியா ஓட்டல்களில் பார்த்தபோது, சில அறைகளில் மட்டும் புகைக்க விடும் ஓட்டலின் ‘புகை கூடாத’ அறைகளில்கூட நிகோடின் கிடைத்தது. அங்கே ஒரு ராத்திரி தங்கிய, சிகரெட்டே தொடாதவர்களின் விரல்நுனியிலும் கிடைத்தது. மேல்தளத்தில் ஊதிவிட்டு வந்து ஒருவன் இதே மெத்தையில் படுத்தாலும் போதும், சட்டையும் தலைமயிரும் சுமந்து வந்ததை மெத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் உண்மைதான். உண்மையாக இருந்தும் என் ஐஸ்கிரீம் கரைந்துவிட்டது.

மறுநாள் பினாங்கு. மதினியும் என் மனைவியும் கொடிமலை ரயிலேறிப் போனார்கள். சகலை கப்பலிலேயே தங்கி வைத்தியம் பார்த்தார். கம்பளத்தில் ஆப்பசோடாவைக் கோலமாவுபோல் தூவினார். காபிக் கோப்பைத் தட்டுகள் நாலிலும் தூளைக் கொட்டி நாலு மூலையில் வைத்தார். வினிகரில் நனைத்த துண்டுகளைக் காந்தக் கொக்கிகளில் தொங்கவிட்டார். அவற்றில் ஒன்று, பாவம், அந்த யானை. கதவிடுக்கில் ஒரு ஈரத்துண்டு. சாயங்காலம் இந்தோனேசியப் பையன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது ஐயாவுக்குத் தெரியுமா, எதிர் அறைக்காரர்கள் ஊறுகாய் வாசனை வருவதாகச் சொல்கிறார்கள் என்றான். அவர் சமைக்கவில்லை, சுத்தம் செய்கிறார் என்று நான் சொன்னதை அவன் நம்பினதாகத் தெரியவில்லை.

சகலைக்கோ திருப்தி. “இப்ப நெடி இல்ல பாத்தீரா?” என்றார். அந்த அறையில் அப்போது ஒரு யானையே செத்துக் கிடந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

கடைசி ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு மணி இருக்கும். பால்கனிக்கு வந்தேன். ஜலசந்தி முழுக்கச் சரக்குக் கப்பல்களின் விளக்கு, ஊர்த் தேரோட்டம் போல வரிசையாக. தடுப்புக்கு அந்தப் பக்கம் சகலை தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அப்பால், மூன்றாவது பால்கனியில், இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. பிரகாசமாகி, மங்கி, பிரகாசமாகி.

எனக்கே வந்துவிட்டது நெடி. பிறகு அவருக்கு வராமலா இருக்கும்? கைக்கெட்டும் தூரத்தில் போன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆசாமிக்குத் தண்டம் உறுதி.

“அண்ணாச்சி, நான் போன் பண்ணட்டுமா?” என்றேன் மெதுவாக.

“சும்மா இரும் சகலை. காத்து எந்தப் பக்கம் அடிக்கின்னு பாக்குதேன்.”

பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றே அந்தப் பக்கம் சாய்த்து, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தார். விடுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“நம்ம பக்கந்தான் அடிக்கி” என்றார். “நீரு உள்ள போய்ப் படும். கதவச் சாத்திக்கிடும், நெடி வந்துரும்.”