பேனாவால் படித்த கம்ப்யூட்டர்

நான்கு வருடக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிப்பில் என் கை அதிகம் தொட்டது பேனா. அடுத்தது பென்சில். அதற்கடுத்தது அரம். கம்ப்யூட்டருக்கு நான்காம் இடம் தரலாம். அதுவும் லேப் உள்ள நாளில், கரண்ட் இருந்தால், செருப்பைக் கழற்றி வாசலில் விட்ட பிறகு.

இந்தப் படிப்பை எனக்குத் தேர்ந்தெடுத்தவர் மாமா. அப்போதெல்லாம் கவுன்சலிங் என்றால் ராத்திரி பஸ் ஏறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே குடும்பத்தோடு போக வேண்டும். ஆன்லைனுக்கு மாறியது 2018இல்தான். திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் காலியிடம் குறைந்துகொண்டே வரும். 200க்கு எவ்வளவு கட்-ஆஃப் வாங்கினோம் என்பதைவிட, நமக்கு முன்னால் போனவர் எதை எடுத்தார் என்பதில்தான் விதி இருக்கும். மாமா என் காதில் சொன்னார்: “கம்ப்யூட்டரை எடுறா. நிழல்ல உக்காந்து பாக்குற வேலை. கையில அழுக்குப் படாது.”

முதல் செமஸ்டரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குக் கீழே காக்கிச் சட்டையோடு நின்றேன். முதல் வருடம் எல்லாப் பிரிவுக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடம். தச்சு வேலை, தகர வேலை, வெல்டிங், பிளம்பிங் எல்லாம் உண்டு. வெல்டிங்குக்கு முன்னால் இரும்புத் தகட்டின் விளிம்பை அரத்தால் ராவ வேண்டும். ஒர்க்‌ஷாப் அண்ணன் அருகில் வந்து, “தம்பி என்ன பிராஞ்ச்?” என்றார். “கம்ப்யூட்டர்ண்ணே.” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “பரவால்ல, நல்லா ராவு” என்று போய்விட்டார். சொல்லப்போனால், அந்த நான்கு வருடத்தில் படித்ததில் இன்றுவரை வீட்டில் பயன்படுவது பிளம்பிங் ஒன்றுதான்.

இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் கதை தனி. சாய்ந்து நிற்கும் கூம்பைத் தளம் ஒன்று வெட்டினால் மேலிருந்து எப்படித் தெரியும் என்று வரைய வேண்டும். கூம்பு ஏன் சாய்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டிராஃப்டரும் சுருட்டிய ஷீட்டுமாகப் பஸ்ஸில் ஏறினால், “இன்ஜினியர் சார், உள்ள போங்க” என்பார் கண்டக்டர். நான் இன்ஜினியர் என்று வெளியுலகம் ஒப்புக்கொண்டது அந்த ஒரு செமஸ்டரில்தான்.

ஒருவழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்தோம். டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் பெல் லேப்ஸில் உருவாக்கிய சி மொழி. அதை ஓட்ட, போர்லாண்ட் 1987இல் வெளியிட்ட டர்போ சி. என்னைவிட மூத்த மென்பொருள் என்பதால் மரியாதையாகவே பழகினேன். நீலத் திரை, மஞ்சள் எழுத்து, சுட்டெலி தயங்கித் தயங்கி நகரும். எந்த நிரலாக இருந்தாலும் தொடக்கத்தில் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை போட வேண்டும். அதை விட்டுவிட்டு நிரல் எழுதுவது பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சீட்டு எழுதுவது மாதிரி. அந்தக் கட்டளை டர்போ சிக்கு வெளியே பெரும்பாலும் செல்லாது என்று பின்னால்தான் தெரிந்தது.

பாடப்புத்தகம் பாலகுருசாமியுடையது. அவர் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். அதனால் அந்தப் புத்தகத்தில் இல்லாததைக் கேட்க எந்தத் தேர்வாளருக்கும் மனம் வராது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

லேபில் நிரல் ஓடுவது பெரிய விஷயமில்லை. ரெக்கார்டில் ஓட வேண்டும். வலது பக்கம் பேனாவால் நோக்கம், வழிமுறை, நிரல். இடது வெற்றுத்தாளில் பென்சிலால் விடை. கீழே, நிரல் வெற்றிகரமாக இயங்கியது, விடை சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது பெரும்பாலும் கரண்ட் இருக்காது. நிரலும் விடையும் சீனியரின் ரெக்கார்டிலிருந்து வந்தவை. அவருக்கு அவருடைய சீனியரிடமிருந்து.

மாணவர் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் நிரல் ஒன்று உண்டு. வகுப்பில் அத்தனை பேர் ரெக்கார்டிலும் விடைப் பகுதியில் ஒரே ஓர் அக்காவின் பெயர். எல்லாப் பாடத்திலும் 92. அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. செய்முறைத் தேர்வுக்கு வந்த எக்ஸ்டர்னல் நாலைந்து ரெக்கார்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நானும் வருஷா வருஷம் பாக்குறேன், இந்தப் பொண்ணு 92 வாங்கிக்கிட்டே இருக்கு. இன்னும் பாஸ் பண்ணி வெளிய போகலையா?” என்றார். நாங்கள் சிரிக்கலாமா என்று எங்கள் மேடத்தைப் பார்த்தோம். சிரிக்கக் கூடாது என்று தெரிந்தது.

எழுத்துத் தேர்வு இன்னும் அழகு. மூன்று மணி நேரத்தில் இரண்டு மார்க் கேள்வி பத்து, பதினாறு மார்க் கேள்வி ஐந்து. நிரலைப் பேனாவால் எழுத வேண்டும். பேப்பரில் எழுதிய நிரலில் பிழையே வராது. அதனால் பேப்பரில் நான் நல்ல புரோகிராமர்.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் சாப்பாட்டு மேசைத் தத்துவவாதிகள் நிச்சயம் வருவார்கள். ஐந்து பேர், ஐந்து முள்கரண்டி, ஒவ்வொருவருக்கும் இரண்டு வேண்டும். எல்லாரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் யாருமே சாப்பிட முடியாது. அதுதான் டெட்லாக். கையால் சாப்பிடும் ஊர்க்காரனுக்கு இது விளங்க நாளாயிற்று. பிறகு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டேன்: ஒரே ரசவாளி, இரண்டு வரிசை, இரண்டு பக்கமும் “இங்க, இங்க”. யாருக்கு எப்போது என்று முறை வைக்கும் செமாஃபோர் என்றால் வாளிக்காரர். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965இல் இந்தப் புதிரின் முதல் வடிவத்தை மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்வியாகத்தான் கொடுத்தாராம். எங்கள் ஊரில் அது கடைசிவரை தேர்வுக் கேள்வியாகவே இருந்தது.

கடைசி வருட புராஜெக்டாக எங்கள் குழு ஆன்லைன் வருகைப் பதிவேடு செய்தது. துறையில் எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டிய ஹெச்.ஓ.டி., அன்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்று நீள நோட்டில் டிக் அடித்துக்கொண்டார்.

கேம்பஸ் இன்டர்வியூவிலும் முதலில் எழுத்துத் தேர்வுதான். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தன, ஒரு தொட்டியைக் குழாய்கள் நிரப்பின. கம்ப்யூட்டர் எங்கும் குறுக்கிடவில்லை. நானும், மெக்கானிக்கல் படித்த என் ரூம்மேட்டும், சிவில்காரன் ஒருவனும் ஒரே மென்பொருள் கம்பெனியில், ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் சேர்ந்தோம். மூன்று பேருக்கும் ஜாவாவை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சியின் இறுதித் தேர்வு கம்ப்யூட்டரிலேயே நடந்தது. அதில் முதல் மார்க் மெக்கானிக்கல்காரனுக்கு. முதல் வருடத்துக்குப் பிறகு பேப்பரில் ஒரு நிரல்கூட எழுதாதவன் அவன்.