ஐந்தில் கடைசி எது?

பீட்டில்ஸ் ரசிகர்கள் பாடு சுலபம். 1968இல் அந்த நால்வரும் வெளியிட்ட வெள்ளை ஆல்பத்தில் 30 பாட்டு. தேறாததைத் தள்ளிவிட்டு ஒரே தட்டாகப் போட்டிருக்கலாம் என்று அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே நினைத்தார். எதைத் தள்ளுவது என்று ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். தஞ்சாவூர்க்காரனுக்கு அந்த வசதி கிடையாது. எங்களிடம் இருப்பது ஐந்தே ஐந்து, பேரே பஞ்சரத்தினம். ஐந்தும் கனராகம், ஐந்தும் ஆதி தாளம், ஐந்தும் தியாகராஜர். ரத்தினத்தில் மட்டம் எது என்று கேட்டால் கேட்டவன்தான் மட்டம்.

ஆனாலும் கேட்காமல் விடுவோமா? ஜனவரி வாக்கில் சம்பா அறுப்பும் திருவையாற்று ஆராதனையும் ஒன்றாக வந்து நிற்கும். காவிரிக்கரைப் பந்தலில் நூற்றுக்கணக்கான வித்துவான்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஐந்தையும் பாடி முடிப்பார்கள். கூட்டம் கலைந்ததும் நாங்கள் அல்வாக் கடைக்குப் போவோம். பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா இலையில் விழுந்த பிறகுதான் எங்கள் ஆராதனை ஆரம்பம்.

இந்தச் சபையில் எந்தக் கிருதியையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "அது கொஞ்சம் விஸ்தாரமான உருப்படி" என்றால் நடுவில் தூங்கிவிட்டார் என்று பொருள். "அதுக்குப் பாடாந்தரம் சுத்தமா இருக்கணும்" என்றால் அவருக்கு அது பாடம் இல்லை. "ரசிக்க ஞானம் வேணும்" என்றால் நமக்கு இல்லை என்கிறார்.

சித்தப்பா கௌளைக் கட்சி. 'துடுகு கல'வில் மனிதர் செய்யும் அத்தனை தப்பையும் தியாகராஜர் தன் தலையில் போட்டுக்கொண்டு பட்டியல் வாசிக்கிறார். "எல்லாம் நம்ம குடும்பத்துலயே பார்த்ததுதாண்டா" என்பார் சித்தப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே. அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு நேரே வந்திருக்கும் மிராசுதார் மாமாவுக்கு ஆரபி. 'சாதிஞ்செனெ'யில் ஒவ்வொரு சரணமும் சுற்றிக்கொண்டு ஒரே இடத்துக்குத் திரும்பி வரும். "முறை வச்சு வாய்க்கால்ல தண்ணி வர்ற மாதிரி, மாப்ளே. வர்றப்ப நாமளும் சேர்ந்துக்கலாம்." மற்ற நேரத்தில் அவர் வாய் அசையும், சத்தம் வராது. ஸ்ரீராகத்து 'எந்தரோ'வைப் பிடிக்காத ஆளே இல்லை. கடைசிப் பாட்டு, முடிந்தால் மரத்துப்போன காலை நீட்டலாம்.

வராளிக்குத்தான் நாதி இல்லை. அந்த ராகத்தை நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் பிரிவு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் சிஷ்யன் பக்கத்தில் இருந்து காதில் வாங்கிக்கொள்வதுதான் வழக்கமாம். எனக்கு இது விளங்கவே இல்லை. வராளியில் ஒரு ஸ்வரம்கூடத் தெரியாமல், வெறும் வரப்புத் தகராறிலேயே பிரிந்த அண்ணன் தம்பிகள் டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பந்தலிலும் பாருங்கள், நாலாவது பாட்டு வந்ததும் சத்தம் பாதியாகிவிடும், பலர் புத்தகத்தைத் தேடுவார்கள். பார்க்கப் பார்க்க ருசி கூடுகிறது என்று ராமனைப் பாடும் 'கன கன ருசிரா'வுக்குத்தான் இந்த நிலைமை. அது நிதானமாகத்தான் பிடி கொடுக்கும். பிடி கொடுத்துவிட்டால் மற்ற நாலும் சற்று அவசரப்பட்டதுபோல் தோன்றும். என் ஓட்டு வராளிக்கு.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "ஐந்தில் கடைசி நாட்டைதான்" என்றும் சொன்னேன். 'ஜகதானந்தகாரக' சமஸ்கிருதம், மற்ற நாலும் தெலுங்கு. 108 நாமம் என்று எண்ணிச் சொல்கிறார்கள், பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கௌளையில் தன்னையே திட்டிக்கொள்கிற, ஆரபியில் கண்ணனையே கேலி செய்கிற அந்த மனிதரை இதில் காணோமே? வரவேற்புப் பத்திரம் வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்.

தவில்கார அண்ணன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "தம்பி, கம்பீர நாட்டையில மல்லாரி வாசிச்சாத்தான் சாமியே புறப்படும். நாட்டையில ஆரம்பிச்சாத்தான் கச்சேரி புறப்படும். தம்பி மட்டும் எப்படிப் புறப்பட்டுச்சு?"

"கத்துக்கிட்டிருந்தா இப்படிப் பேசுவானா?" என்றார் சித்தப்பா. கௌளையும் நாட்டையும் என்னை எதிர்ப்பதற்காகக் கூட்டணி சேர்ந்துவிட்டன.

கட்சி கட்டுவது திருவையாற்றுக்குப் புதிதல்ல. 1847இல் தியாகராஜர் மறைந்த பிறகு அவருக்கு ஆராதனை நடத்துவதில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு தரப்பு வந்தது. பெண்கள் சமாதியில் பாடக் கூடாது என்றிருந்த காலத்தில், தன் சொத்தைப் போட்டு 1920களில் அங்கே கோயில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களைக் கூட்டி மூன்றாவதாக ஒரு கட்சியைக் கிளப்பினார். மூன்றும் 1940 வாக்கில்தான் ஒன்றாயின. எல்லாரும் கூடி ஐந்தையும் பாடும் வழக்கம் நிலைத்தது அதற்கப்புறம்தான். சமாதியை விட்டு வெளியே வந்த சண்டை நேரே அல்வாக் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் கணிப்பு.

ஒருவழியாக இலை எடுக்க வந்த பையனையே நடுவராக்கினார் மாமா. "நீ சொல்லுடா தம்பி, எது ஒசத்தி?"

"அஞ்சுக்கும் முன்னாடி புல்லாங்குழல்ல ஒண்ணு வாசிப்பாங்களே, அதுங்க."

"ஏன்டா?"

"அப்பத்தான் கடையில கூட்டம் இருக்காது."

சித்தப்பா யோசித்தார். "பையன் சொல்றது பைரவி. சேதுலார. கனராகமே இல்ல, கணக்குல வராது."

"ஏண்ணே வராது?" என்றார் தவில்காரர்.

மாமா இன்னும் கால் கிலோ சொன்னார்.