ஜெனரேட்டர் பக்கத்து லோட்

தீபாவளிக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது ஒரு படம் வாட்ஸாப்பில் சுற்றத் தொடங்கும். கட்டம் கட்டமாகக் கோடுகள், ஒவ்வொரு கட்டமும் கார்னிவலில் ஒரு கடை இடம், அதாவது லோட், அதற்கு ஓர் எண். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் விற்றாகிவிட்டது. சிரம்பான் லோபாக் பக்கம் வீட்டு அடுப்பில் முறுக்கும் நெய் உருண்டையும் சுட்டு விற்கும் பெண்களின் கைக்கு அது வந்துசேரும்போது பச்சையெல்லாம் சிவந்திருக்கும். மிச்சம் இரண்டே லோட். ஒன்று கழிப்பறைக்கு எதிரே, இன்னொன்று ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்.

எந்தக் கார்னிவல், யார் ஏற்பாடு என்று கேட்காதீர்கள். பதாகையில் பெயர்தான் மாறும், படம் மாறாது. விண்ணப்பம் திறந்த அன்று காலையிலேயே முன்வரிசை முழுக்கச் சிவந்திருந்த படத்தையும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுறுசுறுப்பானவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

படத்தின் நட்டநடுவே மேடை. கண்காட்சியில் சரக்கைத்தான் காட்டுவார்கள் என்று நம்புகிற அப்பாவிகளுக்குச் சொல்கிறேன், அங்கே முதல் சரக்கு ஒய்.பி., அதாவது நம் மக்கள் பிரதிநிதி. மேடைக்கு முன்னால் சோபா டத்தோக்களுக்கு, அதற்குப் பின்னால் துணியுறை போட்ட நாற்காலி தலைவர்களுக்கு, அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி கைதட்டுகிறவர்களுக்கு. திறப்பு விழாவன்று ஆளுயரக் காசோலை ஒன்று மேடையேறும், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், எல்லாரும் ஆளுக்கொரு பேச்சு பேசுவார்கள். மறுநாளிலிருந்து அந்த மேடையில் பையன்கள் உட்கார்ந்து கைப்பேசி நோண்டுவார்கள். மண்டபத்திலேயே விலைமதிப்புள்ள தரை, கார்னிவல் முடியும்வரை சும்மா கிடக்கும். அதற்கு வாடகை யார் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு அடுத்த வருஷம் லோட் கிடைக்காது.

இந்தத் தொழிலுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் சாதாரண பூத் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், ஒன்பது சதுர மீட்டர். மூன்று பக்கம் தடுப்புப் பலகை, மேலே பெயர்ப்பட்டை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, விளக்கு, ஒரு 13 ஆம்பியர் பிளக். மூலை பூத்துக்கு இரண்டு பக்கம் திறப்பு இருப்பதால் விலை கூட. நாலு பக்கமும் திறந்த தீவு இடம் பெரிய கம்பெனிகளுக்கு, அவர்கள் வெறுந்தரையை வாங்கித் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்வார்கள். நடைபாதை இவ்வளவு அகலம், தீயணைப்பு வழியை மறிக்கக் கூடாது, தூணுக்குப் பின்னால் விழும் இடத்தைக் குறைந்த விலைக்குத் தரவேண்டும். பெரிய வர்த்தகக் கண்காட்சிகள் சிலவற்றில் புள்ளிமுறைகூட உண்டு. எத்தனை வருஷம் விடாமல் வந்தாய், எவ்வளவு இடம் எடுத்தாய் என்று கூட்டிப் பார்த்து, புள்ளி அதிகம் உள்ளவரை முதலில் இடம் பொறுக்க விடுவார்கள்.

எங்கள் பக்கம் அந்தப் புள்ளிமுறையைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குத் தமிழன் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடாமல் வந்தவன், விடிவதற்கு முன்னே வந்தவன், பால்மரம் ஒன்று விடாமல் கீறியவன். அவன் பேத்திக்கு எத்தனை புள்ளி? பூஜ்யம். தோட்டத்தில் ஆள்களை மேய்த்த தண்டலுக்கு வேண்டியவனின் மைத்துனனுக்கு மூலை பூத். தண்டல் என்ற வேலை ஒழிந்து எத்தனையோ காலமாயிற்றே என்கிறீர்களா? சட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது கழுத்தில் 'ஏற்பாட்டுக் குழு' அட்டை தொங்குகிறது.

தீவு இடங்களில் ஒன்றை வீடமைப்பு நிறுவனம் எடுத்திருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்ன வீடுகள், பஞ்சு மரங்கள், நீலக் கண்ணாடியில் ஏரி, கடுகளவு கார்கள். பக்கத்தில் ஒரு பெண் புன்னகையோடு, "பத்து விழுக்காடு தள்ளுபடி, தீபாவளி ஸ்பெஷல்" என்பாள். அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு கிழவர் நெடுநேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வீடு வாங்க வந்தவர் இல்லை. கோயில் எந்தப் பக்கம் இருந்தது, தொழிலாளர் லயம் எந்தப் பக்கம் இருந்தது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று இன்று மின்னுகிற மண்ணில் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான் நின்றன. தோட்டம் கைமாறியபோது மூட்டை கட்டியவர்களில் சிலர் லோபாக் போன்ற டவுன் ஓரங்களில் வந்து ஒதுங்கினார்கள். அவர்கள் காலி செய்த நிலத்தின் பொம்மை மண்டபத்தின் நடுவில், அவர்கள் முறுக்கு ஜெனரேட்டர் பக்கத்தில். இதைத் தெரிந்தே வரைந்தவன் கொடியவன். தெரியாமல் வரைந்திருந்தால் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.

புதுசாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, 'பாரம்பரிய மூலை'. ஒரு பால்வெட்டுக் கத்தி, பால் வடியும் இரண்டு மங்கு, ஒரு காண்டா வாளி, பிளாஸ்டிக் ரப்பர் மரம் ஒன்று, பின்னால் லயத்துப் படம். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கலாம். அந்தக் கத்தியை நிஜமாகவே பிடித்த கை நாலு பூத் தள்ளி எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கும், அதோடு செல்ஃபி எடுக்க யாரும் வரமாட்டார்கள். செத்த கருவிக்கு வாடகை இல்லாத இடம், உயிருள்ள ஆளுக்கு முன்பணத்தோடு இடம்.

இப்படி இடம் பிரிக்கும் கலையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரிய இடத்துக்காரர்கள். 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை கட்டி உலகக் கண்காட்சி நடத்தினார்கள். தரையில் ஏறக்குறையப் பாதி பிரிட்டனுக்கும் அதன் குடியேற்ற நாடுகளுக்கும், மீதிப் பாதி உலகத்தின் மற்ற எல்லாருக்கும். மாளிகையின் நடுப்பகுதியை ஒட்டிய அருமையான இடத்தில் இந்தியப் பொருள்கள், அவற்றைத் திரட்டிக் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. இரண்டு வருஷத்துக்கு முன் லாகூரில் ஒரு சிறுவனிடமிருந்து வாங்கிக்கொண்ட கோகினூர் வைரம் அங்கே கூண்டுக்குள் இருந்தது. பறித்த பொருளுக்கு நடு இடம், பறிகொடுத்தவனுக்கு நுழைவுச் சீட்டு. 1922 மார்ச் 31இல் சிங்கப்பூரில் மலாயா-போர்னியோ கண்காட்சி தொடங்கியது, வேல்ஸ் இளவரசர் வருகைக்காக. 1924இல் வெம்ப்ளியில் பேரரசுக் கண்காட்சி, அங்கே மலாயாவுக்குத் தனி மண்டபம். ரப்பரையும் ஈயத்தையும் பார்த்து வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வியந்தார்கள். ரப்பர் தானாகவே உருண்டையாகி, தானாகவே கப்பல் ஏறி லண்டன் வந்தது என்று அவர்களில் பலர் நினைத்திருக்கக் கூடும்.

ஆனால் அந்தக் கண்காட்சிகளைப் பார்க்காமலே தரைத்திட்டம் என்றால் என்ன என்பது தோட்டத்துக்காரனுக்குத் தெரியும். அவன் அதற்குள்தான் பிறந்தான். மேட்டில் துரை பங்களா, காற்று வரும் பக்கம் பார்த்து. கொஞ்சம் இறக்கத்தில் கணக்கெழுதும் கிராணி வீடு. அதற்கும் கீழே ஆபீஸ், ஸ்டோர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம். எல்லாவற்றுக்கும் கீழே, மழைத்தண்ணீர் போய்த் தேங்கும் பள்ளத்தில், லயம். கள்ளுக்கடை எட்டி நடந்தால் வந்துவிடும், ஆஸ்பத்திரிக்கு லாரி வரவேண்டும். மேட்டிலிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிவார்கள், பள்ளத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் கூரை மட்டும் தெரியும். 2020இல் சிரம்பான் மாநகரமாகிவிட்டது, ஆனால் கார்னிவல் மண்டபத்தில் இன்னும் அந்த மேடும் பள்ளமும்தான். தரை மட்டமாக இருப்பதால் வெளியூர்க்காரர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வெளியூர்க்காரர் என்றதும் இந்தியாவிலிருந்து சேலையும் சுடிதாரும் நகையும் கொண்டுவரும் வியாபாரிகளின் நினைவு வருகிறது. தீபாவளி நெருங்கினால் அவர்களை எதிர்த்து அறிக்கை வரும், ஆண்டுதோறும் வரும், தீபாவளி முடிந்ததும் அறிக்கையும் முடிந்துவிடும். வருஷத்தில் இந்த ஒரு மாதத்தை நம்பிக் கடை நடத்தும் யாம் துவான் சாலைக்காரர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் சேலைக்காரர் கூரையைப் பிரித்துக்கொண்டா குதித்தார்? கேட்ட பணத்தைக் கட்டினார், கதவைத் திறந்துவிட்டார்கள். மேடையில் "உள்ளூர் வணிகரைக் காப்போம்" என்று முழங்கியவர் இறங்கிப்போய் அந்த பூத்துக்கு ரிப்பன் வெட்டினால், நான் சேலைக்காரரிடம் எதற்குச் சண்டைக்குப் போகவேண்டும்?

உள்ளூர்க்காரர் பெயரில் விழுந்த லோட்டெல்லாம் உள்ளூர்க்காரர் கையில் இருக்கிறதா என்றால், அது வேறு கதை. இந்த நாட்டில் 'அலி பாபா' என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். லைசன்ஸ் ஒருவர் பெயரில், வியாபாரம் இன்னொருவர் கையில், பெயர் கொடுத்தவர் பையில் சும்மா ஒரு பங்கு. லோட் விழுந்தவரைத் தீபாவளி முடியும்வரை அந்தப் பக்கம் காணமுடியாது. வெயிலில் நின்று விற்காமல், எண்ணெய்ச் சூடு படாமல், ஒரு துண்டுத் தாளை விற்றே தீபாவளி கொண்டாடும் இந்தத் தொழில்முனைவோருக்கு ஆளுயரக் காசோலை கொடுத்தால்கூடத் தகும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தியச் சமூகத்துக்கென்று 2014இல் செடிக் என்று தொடங்கி 2018இல் மித்ரா என்று பெயர் மாறிய அரசுப் பிரிவுக்குப் பத்துக் கோடி ரிங்கிட் என்று பல ஆண்டு பட்ஜெட்டில் வாசித்திருக்கிறார்கள். தெக்குன் என்ற அரசு நிதி நிறுவனம் வழியாக இந்தியச் சிறுதொழிலுக்கு ஸ்பூமி கடன் வேறு இருக்கிறது. பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, தொழில்முனைவோர் ஆவது எப்படி, பொட்டலத்தை அழகாகக் கட்டுவது எப்படி, டிக்டாக்கில் விற்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறார்கள். மதிய உணவு, சான்றிதழ், குழுப்படம். எல்லாம் முடித்து, கடன் வாங்கி, நூறு டப்பா முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தவளை டீசல் புகைக்குள் நிறுத்துகிறார்கள். கடன் தவணை மட்டும் புகை படாமல் ஒழுங்காக வந்து நிற்கும்.

ஒருமுறை அப்படிப்பட்ட ஓர் அக்காள் குழு அட்டைத் தம்பியைக் கேட்டார்:

"தம்பி, இந்தச் சத்தத்துல விலை சொன்னாக்கூட யாருக்கும் கேக்கலப்பா. கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போட முடியுமா?"

"அக்கா, பிளான் அப்ரூவ் ஆயிடுச்சு. ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க ஒரு போர்டுல விலைய எழுதி வச்சிடுங்க."

இரண்டு மணி நேரம் கழித்து, சோபா வரிசைக்குக் காற்று போதவில்லை என்று அந்த அப்ரூவ் ஆன பிளானில் ஒரு முழு வரிசை பூத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இரண்டு ஏர்கூலர் வைத்தார்கள்.

ஆக, படத்தைத் திருத்த முடியும். அதனால் வேலை தெரிந்தவர்கள் சொல்லும் ஒரு விதியை மட்டும் ஏற்பாட்டாளர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். கூட்டத்தை இழுக்கும் பெரிய சரக்கை வாசலிலும் வைக்காதே, நடுவிலும் வைக்காதே, மண்டபத்தின் கடைக்கோடியில் வை. அதைத் தேடிப் போகிறவர்கள் வழியில் உள்ள எல்லாக் கடையையும் பார்த்துக்கொண்டே போவார்கள். பேரங்காடிகள் இப்படித்தான் நடக்கின்றன. நம் கார்னிவலில் கூட்டத்தை இழுப்பவர்கள் ஒய்.பி.யும் டத்தோக்களும் என்பது உங்களுடைய சொந்த நம்பிக்கை. அப்படியானால் மேடையைத் தூக்கிக் கழிப்பறைக்கு எதிரே போடுங்கள், சோபாக்களை ஜெனரேட்டர் பக்கத்தில் வரிசையாகப் போடுங்கள். முறுக்குக்காரிகளை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஒய்.பி.க்கு வழி தெரியாமல் போகாது, முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர் கூட்டிக்கொண்டு போவார்கள். மைக்கும் கொடுப்பீர்கள், அதனால் ஜெனரேட்டர் சத்தமும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. காற்று போதவில்லை என்றால், பேச்சை ஒரு போர்டில் எழுதி வைத்துவிடச் சொல்லுங்கள்.