சைக்கிளும் சுடுகாட்டுப் பூவும்

*சைக்கிள் மிதித்தால் குழந்தைகளின் புற்றுநோய்க்கு மருந்து வந்துவிடுமா?*
– முத்தியால்பேட்டை வாசகர்

மிதித்தால் வராது. மிதிப்பவரைப் பார்த்து மற்றவர்கள் மணிபர்ஸைத் திறந்தால் வரும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-ல் 36 பேர் மிதித்துப் பத்தாயிரம் டாலர் சொச்சம் திரட்டினார்கள். அந்த 'பான்-மாஸ் சேலஞ்ச்' இதுவரை திரட்டியது 100 கோடி டாலருக்கு மேல். பணம் போய்ச் சேருமிடம் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம். அதை ஆரம்பித்த சிட்னி ஃபார்பர்தான், ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, நோயைக் கொஞ்ச காலமாவது அடக்கிவைக்க முடியும் என்று 1948-ல் காட்டியவர். மருந்தைச் செய்து கொடுத்தது யார்? லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்ரகட சுப்பாராவின் குழு. அவர் படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்!

*வாசலில் நித்தியகல்யாணி வைத்தேன். சுடுகாட்டுப் பூ என்று மாமியார் பிடுங்கிப் போட்டுவிட்டார்.*
– லாஸ்பேட்டை வாசகி

குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து எடுப்பது என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், இலையை அரைத்துக் கஷாயம் போட ஆரம்பித்துவிடுவார். அது விஷம். அளந்து, ரத்தக் குழாயில் ஏற்றினால்தான் மருந்து.

*புற்றுநோயை ஜெயித்த சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கே ஊக்கமருந்தில் மாட்டினாரே?*
– வில்லியனூர் வாசகர்

ஏழு 'டூர் தெ பிரான்ஸ்' பட்டங்களையும் 2012-ல் பறித்துவிட்டார்கள். அவர் தொடங்கிய அறக்கட்டளை அவரில்லாமலே நடக்கிறது. ஆள் விழுந்தார், வண்டி ஓடுகிறது.

*சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிக்கு மிதித்து வந்தால் எவ்வளவு தேறும்?*
– நெல்லித்தோப்பு வாசகர்

சுமார் 150 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் தர நூறு பேர் கிடைத்தால் ஒன்றரை லட்சம். டி-ஷர்ட், பேனர், ட்ரோன், செண்டை மேளம் போக மிஞ்சுவது மரக்காணத்து உப்புக் காற்று! பான்-மாஸ்காரர்கள் இதில் கெட்டி: ஓட்டுகிறவர் திரட்டுவது முழுக்க நிறுவனத்துக்கு. மற்ற செலவு தனிக் கணக்கு.

*திரட்டுவதை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, நோயாளிகளின் பஸ் செலவுக்கா?*
– கோரிமேடு வாசகி

ஜிப்மர் மருத்துவமனைக்கு எதிரிலிருந்து கேட்கிறீர்கள்; விடையைத் தினமும் பஸ் நிறுத்தத்தில் பார்ப்பீர்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுக்கு வைத்தியம் இரண்டு வருஷத்துக்கு மேல் நீளும். விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வரும் கூலிக்காரருக்கு, மருந்து இலவசமானாலும் வந்துபோகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நஷ்டம். பிள்ளை கொஞ்சம் தேறி விளையாட ஆரம்பித்ததும் 'சரியாப் போச்சு' என்று நின்றுவிடுவதும் உண்டு. பணக்கார நாடுகளில் குழந்தைப் புற்றுநோயாளிகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகளில் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முக்கிய மருந்துகள் எல்லாம் பழையவை, விலையும் அதிகமில்லை. ஆகவே என் ஓட்டு முதலில் பஸ்ஸுக்கு, தங்க இடத்துக்கு, சாப்பாட்டுக்கு. யார் பாதியில் நிற்கிறார்கள், ஏன், எப்படித் திரும்ப அழைப்பது என்று கணக்கெடுப்பதும் ஆராய்ச்சிதானே? அதற்கும் கொடுங்கள். சோதனைக் குழாய் இல்லை என்பதற்காக மட்டமாக நினைக்காதீர்கள்.

*நன்கொடை கேட்டால் எங்கள் தாத்தா 'பிரெஞ்சு பென்ஷன் இன்னும் வரல' என்கிறார்.*
– குருசுக்குப்பம் வாசகர்

வரட்டும். யூரோவாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.